மெக்சிகோவுல பானை செய்ற ஊரு பாக்கணும்னா எங்க போலாம்? மாத்தா ஓர்தீஸா, வாஹாக்கா பக்கமா?

மெக்சிகோவுல கையால பானை செய்ற கிராமம் ஒண்ணு பாக்கணும், எங்க போலாம்னு கேட்டுப் பாருங்க, உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பும். ஒரு கோஷ்டி வடக்கே சிவாவா மாநிலத்துல இருக்கற மாத்தா ஓர்தீஸ்தான்னு சொல்லும், இன்னொரு கோஷ்டி அதெல்லாம் வேலைக்காகாது, தெற்கே வாஹாக்கா நகரத்தைச் சுத்தி இருக்கற ஊருங்களுக்குப் போங்கன்னு அடிச்சு சொல்லும். ரெண்டு பேருமே தப்பா சொல்லல. ஆனா ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஏறக்குறைய 2000 கி.மீ. தூரம், ஒரே லீவுல ரெண்டையும் முடிச்சுடலாம்னு பிளான் போட்டா பானையை விட ஏர்போர்ட்டைத்தான் அதிகம் பாப்பீங்க. அதனால ஒண்ணைத்தான் எடுக்கணும்.

எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ண பட்ஜெட், லீவு, விமான டிக்கெட்னு எல்லாரும் கணக்கு போடுவாங்க, போடணும்தான். ஆனா அதுக்கு முன்னாடி நான் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு. வாங்கிட்டு வர்ற பானையை வீட்ல என்ன பண்ணப் போறீங்க? ஷோகேஸ்ல வைக்கவா, அடுப்புல ஏத்தவா, இல்ல பானையே வேணாம் சாமி, அவங்க செய்றதை உக்காந்து பாத்தா போதுமா? இதுக்கு பதில் சொல்லிட்டீங்கன்னா பாதி முடிவு அங்கயே ஆயிடும், ஏன்னா இந்த ஊருங்க ஒவ்வொண்ணும் செய்றது வேற வேற சாமான்.

முதல்ல மாத்தா ஓர்தீஸ். இங்க இருக்கற வேடிக்கை என்னன்னா பானை செய்றது அந்த ஊருக்குப் பரம்பரைத் தொழிலே கிடையாது. அது ரயில் வந்து போன ஊரு, மரம் அறுக்கற ஊரு. பழைய பேரே பியர்சன், ஃபிரெட் பியர்சன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் பேர்ல வெச்சது (அந்த மனுஷன் 1915ல லூசிடானியா கப்பலை மூழ்கடிச்சப்போ அதுல போய்ச் சேந்துட்டார், அது தனிக்கதை). ரயில் வேலையும் மர மில்லு வேலையும் போனப்புறம் ஊரு சும்மா கெடந்துச்சு. 1940ல பொறந்த ஹுவான் கேசாதா அங்க வளந்த பையன், மலைப்பக்கம் விறகு வெட்டப் போறப்போ அங்க பழைய பானை ஓடுங்க கெடக்கறதைப் பாக்கறார், அதுல இருந்த கோடும் கலரும் பிடிச்சுப் போயி இதை எப்படி செஞ்சிருப்பாங்கன்னு யோசிக்க ஆரம்பிக்கறார். அந்த ஓடுங்க பக்கத்துல இருக்கற பாகிமேங்கற பழைய நகரத்துக் காலத்தோடது. சுமார் 1200லேர்ந்து 1450 வரைக்கும் ஓஹோன்னு இருந்த ஊரு அது, 1998ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாவும் அறிவிச்சாங்க. ஆனா அந்தப் பானை வேலை தெரிஞ்சவங்க யாரும் மிச்சமில்ல, சொல்லிக்குடுக்க ஆளே கிடையாது. எந்த மண்ணு, எதைக் கலந்தா வெடிக்காது, எந்தக் கல்லை அரைச்சா கறுப்பு வரும், எல்லாமே தானா செஞ்சு பாத்து வருஷக்கணக்குல கண்டுபிடிச்சார்.

1976ல அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலம் டெமிங்ல ஒரு பழைய சாமான் கடையில ஸ்பென்சர் மெக்கலம்னு ஒருத்தர் மூணு பானையைப் பாக்கறார், கையெழுத்து இல்ல, யார் செஞ்சதுன்னு கடைக்காரருக்கும் தெரியல. மனுஷன் அதோட விடல, போட்டோ எடுத்துக்கிட்டு பார்டரைத் தாண்டி ஊர் ஊரா காட்டிக் கேட்டு கடைசில கேசாதா வீட்டு வாசலுக்கே போய் நின்னுட்டார். அப்புறம் விக்கிறதைப் பத்திக் கவலைப்படாம நல்லதா செய்யினு மாசாமாசம் பணமும் குடுத்தார். கேசாதா தம்பி தங்கச்சிங்களுக்கு சொல்லிக்குடுக்க, அவங்க பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு சொல்லிக்குடுக்க, ஊரே பானை ஊரா மாறிடுச்சு. 1999ல மெக்சிகோவோட தேசிய விருது அவருக்குக் கெடச்சுது, 2022 டிசம்பர்ல காலமானார். இப்ப அந்தச் சின்ன ஊர்ல நூத்துக்கணக்கான பேர் இதைத்தான் செய்றாங்க.

அவங்க செய்ற விதம் பாக்கணும், அதுக்காகவே போலாம். சக்கரம் கிடையாது. மண்ணைத் தோண்டி எடுத்துட்டு வந்து தண்ணியில ஊறப்போட்டு துணியில வடிகட்டி படிய விடறாங்க. அப்புறம் கொஞ்சம் மண்ணை டார்ட்டியா (மெக்சிகோக்காரங்க ரொட்டி) தட்டற மாதிரி தட்டி ஒரு கிண்ணத்துக்குள்ள அமுக்கிட்டா அது அடிப்பாகம், மேல ஒரே ஒரு தடிமனான மண் உருளையை வளையமா சுத்தி வெச்சு, அதுக்கு அவங்க சொல்ற பேரு சொரீசோ, அதை விரலாலயே கிள்ளிக் கிள்ளி மேல இழுத்துக்கிட்டு போறாங்க. சுவரை மெலிசாக்க உடைஞ்ச ஹேக்ஸா பிளேடால சுரண்டறாங்க, காஞ்சதும் உப்புத்தாள் போட்டு தேய்ச்சு வழவழப்பான கல்லாலயோ எலும்பாலயோ தேய்ச்சு பளபளப்பாக்கறாங்க. அதுக்கப்புறம் பெயிண்டிங். பிரஷ்ஷு என்ன தெரியுமா, மனுஷத் தலைமுடி, பெரும்பாலும் குழந்தைங்க முடி, நாலஞ்சு இழை நீளமா குச்சியில கட்டினது. அந்த முடியைக் கலர்ல தோய்ச்சு பானை மேல படுக்க வெச்சு இழுக்கறாங்க, பிரஷ் நுனியால வரையறது இல்ல, முடி முழுசையும் கோட்டு மேல படுக்க வெச்சு இழுக்கறது, அதனாலதான் பானையோட வளைவு முழுக்க ஒரே சீரா அந்த மெல்லிசு கோடு போகுது. கையை எடுத்தா போச்சு. அளவெடுக்க ஸ்கேல் கிடையாது, பென்சில்ல முன்னாடியே போட்டு வெச்சுக்கறதும் பெரும்பாலும் கிடையாது, வாய்ப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்ச டிசைன் சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே கரெக்டா போய்ச் சேருது, அதை பக்கத்துல நின்னு பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

சுடறதும் வித்தியாசம்தான். பெரிய சூளை எல்லாம் இல்ல, வீட்டுக் கொல்லையில தரையிலயே ஒரு நேரத்துக்கு ஒரு பானை, இல்ல ரெண்டு மூணு. பானையை ஒரு சின்ன ஸ்டாண்டு மேல வெச்சு, மேல பெரிய மண்தொட்டியையோ தகர வாளியையோ கவுத்து, சுத்தி காஞ்ச மாட்டுச்சாணியையோ மரப்பட்டையையோ அடுக்கி தீ வெக்கறாங்க. கறுப்புப் பானை வேணும்னா கவுத்த வாளியோட அடியில மண்ணைப் போட்டு காத்து புகாம அடைச்சுடறாங்க. வெடிச்சா மாசக்கணக்கான வேலை அந்த நிமிஷத்தோட காலி, அதனால தீ எரியறப்போ யாரும் வளவளன்னு பேசறதில்ல.

இப்ப முக்கியமான விஷயம். இந்தப் பானையில தண்ணி ஊத்தக் கூடாது. கம்மி சூட்டுல சுட்டது, உள்ள கண்ணாடி மாதிரி பூசற மெருகு (கிளேஸ்) எதுவும் கிடையாது, தண்ணி கசியும், பெயிண்டும் கெடும். இது பாக்கறதுக்கு மட்டும்தான். விலையும் அந்த மாதிரிதான், சின்னதா ஒண்ணு இருவது முப்பது டாலருக்கும் கெடைக்கும், பேர் வாங்கினவங்க கையெழுத்து போட்டதுன்னா ஆயிரக்கணக்குல போகும். பானைக்கு இவ்ளோவான்னு கேக்கற ஆளு வீட்ல இருந்தா அவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, நடு ரூம்ல செஞ்சவங்க முன்னாடியே அந்தக் கேள்வி வந்தா நமக்குத்தான் சங்கடம்.

நடு ரூம்னு சும்மா சொல்லல. இந்த ஊர்ல வாங்கறதுன்னா முக்கால்வாசி யாரோ ஒருத்தர் வீட்டுக்குள்ளதான். கதவைத் தட்டினா உள்ள கூப்புடுவாங்க, சாப்பாட்டு மேஜை மேல அந்த வாரம் செஞ்சது நாலஞ்சு இருக்கும், அவ்ளோதான் கடை. இடைத்தரகர் இல்லாம செஞ்ச கையிலயே காசு குடுக்கறோம்ங்கறது இங்க இருக்கற பெரிய பிளஸ். வீடு வீடா போயி எதுவும் வாங்காம வர்றதுக்கு கொஞ்சம் மனசு கல்லா இருக்கணும், அது மைனஸ்.

போறது எப்படின்னா கார்தான் வழி. அமெரிக்காவுல அரிசோனா, நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ் பக்கம் இருக்கறவங்களுக்கு இது பக்கம், கொலம்பஸ்னு சின்ன ஊரு, அங்கேர்ந்து பார்டர் தாண்டினா பலோமாஸ், அங்கேர்ந்து நுவேவோ காசாஸ் கிராந்தேஸ் கிட்டத்தட்ட மூணு மணி நேரம், அப்புறம் மாத்தா ஓர்தீஸ் இன்னொரு அரை முக்கால் மணி. அமெரிக்க கார் இன்சூரன்ஸ் மெக்சிகோவுல செல்லாது, தனியா எடுக்கணும், எல்லைப் பகுதியைத் தாண்டி காரை உள்ள கொண்டுபோக தற்காலிக பெர்மிட்டும் வேணும். இந்தியா பாஸ்போர்ட் வெச்சிருக்கவங்க பாஸ்போர்ட்ல செல்லுபடியாகற அமெரிக்க விசா இருந்தா மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்ல, ஊர்லேர்ந்து வந்த அம்மா அப்பாவுக்கும் அதே கதைதான். திரும்பி அமெரிக்காவுக்குள்ள வர்றப்போதான் சிக்கல் வரும், விசா தேதியையும் ஐ-94 (அமெரிக்காவுல எது வரைக்கும் தங்கலாம்னு சொல்ற பதிவு) தேதியையும் கிளம்பறதுக்கு முன்னாடியே நல்லா பாத்துக்கங்க. அங்க போயி பாக்காதீங்க.

பாதுகாப்பைப் பத்தி மழுப்பாம சொல்லிடறேன். சிவாவா மாநிலம் அமெரிக்க அரசாங்கத்தோட பயண எச்சரிக்கைப் பட்டியல்ல போறதை மறுபடி யோசிங்கன்னு சொல்ற லிஸ்ட்ல இருந்துட்டு வருது. அதே அரசாங்கம் தன்னோட ஊழியருங்களை இந்த காசாஸ் கிராந்தேஸ், மாத்தா ஓர்தீஸ் பக்கம் கொலம்பஸ் வழியா, பகல்ல மட்டும் போக விட்டிருக்கு. அந்த ரூல் ஏன் போட்டாங்கன்னு ஆராய்ச்சி பண்ண வேணாம், நாமளும் அதே மாதிரி போவோம், விடியக்காலைல கிளம்பி வெளிச்சம் இருக்கறப்பவே போய்ச் சேரணும், ராத்திரி டிரைவிங் கூடவே கூடாது. போற வாரத்துல அந்த எச்சரிக்கைப் பக்கத்தை ஒரு தடவை படிச்சுடுங்க, நிலைமை மாறிக்கிட்டே இருக்கும்.

தங்கறதுக்கு காசாஸ் கிராந்தேஸ் (நுவேவோ இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கற பழைய ஊரு) நல்ல இடம், பாகிமேயும் நடக்கற தூரத்துல, மியூசியமும் அங்கயே. பாகிமே மண்சுவர் நகரம், டி எழுத்து மாதிரி வெட்டின வாசலுங்க, பஞ்சவர்ணக்கிளி வளக்க கட்டின மண்கூடு வரிசை எல்லாம் இன்னும் இருக்கு. மியூசியத்துல அந்தப் பழைய பானைங்களைப் பாத்துட்டு அப்புறம் மாத்தா ஓர்தீஸ் போங்க, தலைகீழா போனா பாதி விஷயம் புரியாது. தரையில கெடக்கற பழைய ஓட்டைப் பொறுக்கி பைல போட்டுக்காதீங்க, யாராவது கதவோரமா பழசுன்னு காட்டி வித்தாலும் வாங்காதீங்க, 1972லேர்ந்து இருக்கற மெக்சிகோ சட்டப்படி தொல்பொருள் எல்லாம் நாட்டோட சொத்து, மாட்டினா பெரிய தலைவலி. இதைத் தவிர அந்தப் பக்கம் பெருசா ஒண்ணும் இல்ல, கொலோனியா ஹுவாரெஸ்னு மார்மன்ங்கற கிறிஸ்தவப் பிரிவு மக்கள் குடியேறின ஊரும் ஆப்பிள் தோட்டமும் வழியில இருக்கு, சின்னப் பசங்களை வெச்சுக்கிட்டு மூணு நாள் ஓட்டறது கஷ்டம்.

இப்ப வாஹாக்கா. இங்க ஒரு நகரத்துல ரூம் போட்டுட்டு தினம் ஒரு கிராமம்னு போயிட்டு வரலாம், அதுதான் பெரிய வசதி. மெக்சிகோ சிட்டிலேர்ந்து விமானத்துல ஒரு மணி நேரம், பஸ்ல ஆறேழு மணி நேரம். கார் வேணவே வேணாம், சந்தைக்குப் பக்கத்துலேர்ந்து ஷேர் டாக்சி கிளம்புது, முன் கண்ணாடியில ஊர் பேர் எழுதியிருக்கும், ஏறி உக்காந்தா போதும், முன் சீட்லயே டிரைவரைத் தவிர ரெண்டு பேர் உக்காருவாங்க, அதுக்கெல்லாம் நாம அலட்டிக்கப் போறதில்ல.

முதல்ல எல்லாரும் போறது சான் பார்தோலோ கொயோதெபெக், நகரத்துக்கு தெற்கே 12 கி.மீ., ஏர்போர்ட் ரோட்டுலயே இருக்கு. கறுப்புப் பானை ஊரு. ரெண்டு தட்டை ஒண்ணு மேல ஒண்ணு, கீழ் தட்டைக் கவுத்து மேல் தட்டை நிமித்தி வெச்சு அதைக் கையால சுத்திக்கிட்டே வனையறாங்க, அச்சு இல்ல, மோட்டார் இல்ல. சூளையில சுடறப்போ வாயை எல்லாம் மண்ணு பூசி அடைச்சுடறாங்க, காத்து இல்லாததால மண்ணுல இருக்கற இரும்பு சிவப்பாகாம கறுத்துடுது. அந்த மினுமினு கறுப்பைப் பாத்துட்டு ஆயிரக்கணக்கான வருஷத்துப் பாரம்பரியம்னு நினைச்சுடுவோம், கைடுங்களும் அப்படியே விட்டுடுவாங்க. பழைய காலத்துல இந்த ஊரு செஞ்சது பளபளப்பில்லாத சாம்பக்கலர் குடம், தண்ணிக்கும் மெஸ்கால் சாராயத்துக்கும், தட்டினா கணீர்னு சத்தம் வரும், ஒரு சொட்டு ஒழுகாது. 1950கள்ல தோன்யா ரோசான்னு கூப்பிட்ட ரோசா ரேயால்ங்கற அம்மாதான் முழுசா காயறதுக்கு முன்னாடி குவார்ட்ஸ் கல்லால தேய்ச்சு கொஞ்சம் கம்மி சூட்டுல எடுத்தா இந்தப் பளபளப்பு வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. பளபளப்பு வந்துச்சு, ஆனா பானை பழையபடி தண்ணி தாங்கல. குடம் அலங்காரப் பொருளா மாறிச்சு, டூரிஸ்ட் வாங்க ஆரம்பிச்சாங்க, ஊரு பொழைச்சுது. அவங்க 1980ல போயிட்டாங்க, குடும்பத்துப் பட்டறை இன்னும் நடக்குது, டெமோ காட்டறாங்க.

எனக்கு கொயோதெபெக் மேல ஒரு சின்ன மனக்குறை உண்டு. டெமோ நல்லாதான் இருக்கும், ஆனா பஸ் வந்து நிக்கும், பதினஞ்சு நிமிஷம் காட்டுவாங்க, கை தட்டுவோம், அப்புறம் நேரா கடை. வரிசை வரிசையா ஒரே மாதிரி ஆந்தை, ஒரே மாதிரி மண்டையோடு. அங்க இருக்கற மாநில நாட்டுப்புறக் கலை மியூசியத்தை யாரும் சொல்றதில்ல, பானைக்கடையை விட அதுக்குத்தான் நேரம் குடுக்கணும், கறுப்பு மண்ணுல என்னென்ன பண்ணலாம்னு அங்கதான் தெரியும். அரை நாள் போதும். வெள்ளிக்கிழமை போனா அதே ரோட்டுல கீழ ஓகோத்லான் சந்தையும் பாத்துட்டு வந்துடலாம்.

அடுத்தது சாந்தா மரியா அட்சோம்பா, நகரத்துக்கு ரொம்ப கிட்ட, மோந்தே அல்பான்ங்கற பழங்கால நகரம் இருக்கற மலைக்குப் பக்கத்துல. பச்சை மெருகு போட்ட பானை, சட்டி, சாறு கிண்ணம், சட்னி அரைக்க உள்ள வரிவரியா கீறின கிண்ணம் எல்லாம் இங்கதான். மலைமேல 2012ல திறந்த தொல்லியல் இடத்துல பழங்காலத்து சூளை ஒண்ணு கெடச்சுது, கீழ ஊர்ல இப்ப இருக்கற சூளைங்களும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான். தியோதோரா பிளாங்கோங்கற அம்மா, 1928லேர்ந்து 1980 வரைக்கும் இருந்தவங்க, மெருகே போடாம மண்பொம்மை மேல சின்னச் சின்ன மண்பூ ஒட்டி ஒட்டி எம்ப்ராய்டரி போட்ட மாதிரி பொம்மை செஞ்சு பேர் வாங்கினாங்க, அந்த ஸ்டைல் இன்னும் ஊர்ல ஓடுது. பொம்மை பிடிக்கும்னா அட்சோம்பா போங்க, தாராளமா வாங்குங்க.

சமைக்கற சட்டின்னா மட்டும் நிதானிங்க. மெக்சிகோவுல அந்தப் பளபள மெருகுக்கு காலங்காலமா சேத்தது கிரேத்தான்னு சொல்ற ஈய ஆக்சைடு, பச்சை நிறம் செம்புலேர்ந்து வருது. ஈயம் கம்மி சூட்டுலயே உருகி கண்ணாடி மாதிரி ஆயிடும், விறகுச் சூளைக்கு அதான் தோது, அதனாலதான் விட முடியல. சூடு பத்தாம சுட்டிருந்தா, புளிப்பான சாப்பாடு பட்டா, ஈயம் கரைஞ்சு வெளில வரும். எலுமிச்சை, தக்காளி, வினிகர்னு அவங்க எச்சரிக்கை பண்றாங்க, நம்ம வீட்ல அந்தச் சட்டியில முதல் நாளே புளிக்குழம்புதான் வெப்போம், கேக்கவே வேணாம். குழந்தைங்க இருக்கற வீட்ல இதுல விளையாடக் கூடாது. 1990கள்லேர்ந்து ஈயம் இல்லாத மெருகுக்கு மாத்தணும்னு அரசாங்கக் கைவினை அமைப்பு முயற்சி பண்ணுது, மாறின பட்டறைங்களும் இருக்கு, அவங்க சின் ப்ளோமோன்னு (ஈயம் இல்லாததுன்னு அர்த்தம்) போர்டே வெச்சிருப்பாங்க. அது இல்லாத சட்டியை அழகா இருக்குன்னு வாங்கினா பூ வைக்கங்க, சாப்பாட்டுக்கு வேணாம், தட்டிப் பாத்தோ கலரைப் பாத்தோ ஈயம் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியாது.

அப்ப சமைக்க எங்க வாங்கறது? சான் மார்கோஸ் த்லபசோலா. என்னைக் கேட்டா வாஹாக்கா போற ஆளு முதல்ல போக வேண்டிய ஊரு இதுதான், ஆனா லிஸ்ட்டுங்கள்ல எப்பவும் கடைசிலதான் வரும். கிழக்கே த்லாகோலூலா வரைக்கும் பஸ்ஸோ ஷேர் டாக்சியோ, அங்கேர்ந்து இன்னொரு வண்டி மாறி உள்ள போகணும், அந்த ஒரு மாறுதலுக்கே டூர் பஸ்ஸு வர்றதில்ல. சாப்போதெக் மொழி பேசற ஊரு, பானை செய்றது பெண்கள், அம்மாகிட்ட பொண்ணு கத்துக்கிட்டு வர்ற வேலை. செம்மண்ணு நிறச் சாமான், மெருகே கிடையாது, அதனால ஈயப் பிரச்சனையும் கிடையாது. தரையில மண்டி போட்டு உக்காந்து, மண்ணைக் கையால எழுப்பி, சோளம் உதிர்த்த கட்டையை உருட்டி சுவரை இழைச்சு, சுரைக்குடுக்கைத் துண்டால வழிச்சு, செம்மண் குழம்பு பூசி, ஆத்துல பொறுக்கின வழவழ கல்லால பொறுமையா தேய்க்கறாங்க. அந்தக் கல்லு பாட்டி வெச்சிருந்ததா இருக்கும், தேஞ்சு தேஞ்சு விரலுக்கேத்த மாதிரி பள்ளமே விழுந்திருக்கும். சுடறது வெட்டவெளியில, விறகையும் காஞ்ச கத்தாழை மடலையும் அடுக்கி. சில தட்டுல தீ பட்ட கறுப்புத் திட்டு விழுந்திருக்கும், அதை டேமேஜுன்னு ஒதுக்கிடாதீங்க, எனக்கு அதுதான் பிடிக்கும்.

இங்க வாங்கற சட்டியை நம்ம ஊர் மண்சட்டி மாதிரியேதான் வெச்சுக்கணும், ஊறப்போட்டு, கஞ்சித்தண்ணி காய்ச்சி பழக்கிட்டு அப்புறம் மெதுவான தீயில ஏத்தணும். டார்ட்டியா சுடற வட்டக்கல்லு, கொமால்னு பேரு, அதுக்கு அவங்க சுண்ணாம்புத் தண்ணி பூசி பழக்கறாங்க. தோசை ஊத்திப் பாக்கலாமான்னு கேப்பீங்க, மண்கல்லுல ஒட்டும், சப்பாத்திக்கும் அப்பளம் சுடறதுக்கும் நல்லாவே போகும். விலை மாத்தா ஓர்தீஸோட ஒப்பிட்டா ரொம்ப கம்மி, அதுக்காக அதுலயும் பேரம் பேசி அம்பது பேசோ குறைக்கறது எனக்கு சரியா படல, அந்த ஒரு தட்டுல போற நேரத்தைக் கண்ணால பாத்துட்டு யாருக்கும் வாய் வராது.

ஒரு விஷயம், ஞாயித்துக்கிழமை த்லாகோலூலாவுல பெரிய சந்தை, சான் மார்கோஸ் பெண்களும் அங்க வந்து கடை போடுவாங்க. வாங்கறது மட்டும்னா ஞாயிறு சந்தைக்கே போயிடலாம். செய்றதைப் பாக்கணும்னா வார நாள்ல ஊருக்குள்ள போங்க. அதே ரோட்டுல தூலே மரம் இருக்கு, உலகத்துலயே ரொம்பப் பருத்த அடிமரம்னு சொல்ற மரங்கள்ல ஒண்ணு, தெயோதித்லான்ல கம்பளம் நெய்யறாங்க, மித்லாவுல பழைய கோயில் இருக்கு, பானையில ஆர்வமே இல்லாத ஆளையும் சமாதானப்படுத்த இது போதும். சாப்பாடு பத்தி சைவக்காரங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, த்லாயூதான்னு பெரிய மொறுமொறு ரொட்டி எங்க பாத்தாலும் கெடைக்கும், அதுல முதல்ல தடவறது பன்னிக்கொழுப்பு, சின் அசியேந்தோன்னு (அந்தக் கொழுப்பு வேணாம்னு) முன்னாடியே சொல்லிடணும், பீன்ஸையும் கேட்டுக்கறது நல்லது. மாத்தா ஓர்தீஸ் பக்கம் சைவச் சாப்பாட்டுக்கு இன்னும் திண்டாட்டம், அங்க மாட்டுக்கறி நாடு.

வேற ஊருங்க இல்லையான்னா நிறைய இருக்கு. மிச்சோவாகான்ல கபுலா, எலும்புக்கூடு சீமாட்டி பொம்மைக்கு, ஓகுமிச்சோ, பேய் பொம்மைக்கு, ரெண்டுமே அருமை, ஆனா அந்த மாநிலமே போகாதீங்கன்னு எச்சரிக்கை இருக்கறப்போ குடும்பத்தோட போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சியாபாஸ்ல அமாதெனாங்கோ, த்செல்தால் பழங்குடிப் பெண்கள் செய்ற மண்புலியும் புறாவும், சான் கிறிஸ்தோபால் போறவங்க வழியில பாக்கலாம், அதுக்குன்னே போறதுக்கு இப்ப யோசிக்கணும். குவாதலஹாராவுல வேலை விஷயமா இருக்கறவங்களுக்கு தோனாலா சுலபம், வியாழன் ஞாயிறு தெருச்சந்தை, கிராமம்னு சொல்ல முடியாது, நகரத்தோட ஒட்டிப்போச்சு.

ஆக மொத்தம் என் கணக்கு இப்படி. மெக்சிகோவுக்கு முதல் தடவை, ஒரு வாரம் லீவு, குடும்பத்தோடன்னா யோசிக்கவே வேணாம், வாஹாக்கா, அதுலயும் சான் மார்கோஸுக்கு ஒரு முழு நாள், மிச்சம் ரெண்டும் ஆளுக்கு அரை நாள். ஏற்கனவே வாஹாக்கா பாத்தாச்சு, இல்ல வரையறது, களிமண்ணு பிசையறதுன்னு கையில வேலை தெரிஞ்ச ஆளுன்னா மாத்தா ஓர்தீஸ், பார்டர் கிட்ட இருந்தாலும் சரி தூரமா இருந்தாலும் சரி. கலெக்‌ஷன் சேக்கறவங்களுக்கும் அதேதான், நல்ல பானை ஒண்ணு வாங்கற காசை ஒதுக்கிட்டு போங்க, சின்னதா ஆறு வாங்கறதை விட அது மேல். வயசான அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்க வடக்கே வேணாம், நாள் பூரா கார்ல உக்கார வெச்சுட்டு அங்க போனா ஒவ்வொரு வீடா ஏறி இறங்கணும்.

எப்பப் போலாம்னா ரெண்டு பக்கமும் மழை மாசத்தைத் தவிருங்க, வெட்டவெளியில சுடறவங்க மழையில சுட மாட்டாங்க, போயி மண்ணைத்தான் பாத்துட்டு வரணும். வாஹாக்காவுல அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பம் இறந்தவங்க திருவிழா, பாக்க அற்புதம், ஆனா ரூம் விலை எகிறும், பட்டறைங்கள்ல கூட்டம் நெரியும், பானைக்காகப் போறதுன்னா ஜனவரி பிப்ரவரி நல்லது. சிவாவா பக்கம் அந்த மாசத்துல காலைல நல்ல குளிர், ஸ்வெட்டர் கண்டிப்பா, மார்ச் ஏப்ரல்ல காத்தும் புழுதியும். அதனால அங்க அக்டோபர் நவம்பர்தான் என் சாய்ஸ்.

கொண்டு வர்றதைப் பத்தியும் முன்னாடியே யோசிச்சுடுங்க. மாத்தா ஓர்தீஸ்ல கார்ல வர்றதால டவல், போர்வை, காலி அட்டைப்பெட்டி எல்லாம் வீட்லேர்ந்தே எடுத்துட்டுப் போங்க, அங்க பேக்கிங் சாமான் கெடைக்கும்னு நம்பாதீங்க, சுவரு அவ்ளோ மெலிசு, வாய் விளிம்பைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது, ரெண்டு கையால அடியில தாங்கணும். வாஹாக்காலேர்ந்து விமானம்னா கறுப்புப் பானையை கைப்பையிலதான் வெச்சுக்கணும், செக்-இன் லக்கேஜ்ல போட்டா சில்லு சில்லாத்தான் வரும், அது மத்ததை விட சீக்கிரம் உடையும். சான் மார்கோஸ் தட்டுங்க கொஞ்சம் தடிமன், துணியில சுத்தி நெட்டக்குத்தா அடுக்கினா தாங்கும், படுக்க வெச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா கீழ இருக்கறது போயிடும். கொமால் மட்டும் எப்படி சுத்தினாலும் ரிஸ்க்தான், ரெண்டா வாங்கிடுங்க.